ரீஸ்டார்ட் கொடுத்தால் கறுப்புத் திரை: ரேம் போய்விட்டதா?

கேள்வி: அண்ணாச்சி, கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காகப் புதுசாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணினேன். ரைசன் 5 7600 பிராசஸர், பி650 போர்டு, 16 ஜிபி டி.டி.ஆர். 5 ரேம் இரண்டு. போதவில்லை என்று அதே கம்பெனி, அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டேன். ரேமை டப்பாவில் போட்ட வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்போ செட்டிங்கைப் போட்டு 6000-ல் ஓடுகிறது. காலையில் ஆன் பண்ணினால் விண்டோஸ் வந்துவிடும், நாள் முழுக்க வேலையும் நடக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் தொல்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, போர்டில் டிராம் என்று எழுதிய இடத்தில் விளக்கு எரிந்தபடியே நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் வருகிறது. கடையில் ரேம் போச்சு, மாற்றணும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, இப்போதைக்கு ஒரு பைசாகூடச் செலவழிக்காதீர்கள். நாள் முழுக்க எடிட்டிங் தாங்குகிற ரேம் ரீஸ்டார்ட்டில் மட்டும் மக்கர் பண்ணுகிறது என்றால், அது செத்துப்போன ரேமாக இருக்க வாய்ப்பு குறைவு. அதைத் தாங்க முடியாத வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதுதான் என் சந்தேகம்.

விண்டோஸ் வருவதற்கு முன்னால் போர்டு ஒவ்வொரு ரேமோடும் எந்த நேரக்கணக்கில், எந்த வோல்டேஜில் பேசினால் சரியாக வரும் என்று சோதித்துப் பார்க்கும். இதற்கு மெமரி டிரெயினிங் என்று பெயர். டி.டி.ஆர். 5-ல் இது நேரம் பிடிக்கிற வேலை, புது ரேம் போட்டதும் முதல் தடவை சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் அப்படிக் காக்க வைக்க முடியாது என்பதால் மெமரி காண்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். போன தடவை எடுத்த அளவை வைத்தே இந்தத் தடவையும் சட்டை தைப்பது மாதிரி. வேகம் நிதானமாக இருந்தால் அந்தப் பழைய அளவு பொருந்திவிடும், விளிம்பில் ஓடுகிற ரேமுக்குப் பொருந்தாது, போர்டு அப்படியே நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கினால் வருவதும் பெரும்பாலும் போர்டு மறுபடி புதிதாக அளவெடுப்பதால்தான்.

உங்களிடம் நாலு ரேம் இருக்கிறது, அதுதான் முக்கியம். 7600-க்கு ஏ.எம்.டி. அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200, நாலு போட்டால் 3600. டப்பாவில் அச்சடித்திருக்கும் 6000 ஓவர்கிளாக், அதாவது அந்த வரம்பைத் தாண்டி ஓட்டுவது, அதுவும் அந்த டப்பாவுக்குள் இருக்கும் இரண்டையும் சேர்த்துச் சோதித்துப் போட்டது. ஒரே மாடல் என்றாலும் வேறு வேறு டப்பாவில் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம்.

அதனால் முதலில் இரண்டாவது ஜோடியைக் கழற்றி வையுங்கள். முதல் ஜோடி ஏ2, பி2 ஸ்லாட்டில், அதாவது பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நாலாவதிலும் இருக்கட்டும், இரண்டு முனையும் டக்கென்று பூட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். இப்போது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் கொடுங்கள். வந்துகொண்டே இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. வரவில்லையா, எக்ஸ்போவை ஆஃப் பண்ணி அடிப்படை வேகத்தில் பாருங்கள். அதிலும் நின்றால் மட்டும் ஒவ்வொரு ரேமாக ஏ2-ல் தனியாகப் போட்டுப் பாருங்கள், எது தனியாகவும் அடம் பிடிக்கிறதோ அதை வாரண்டிக்குக் கொண்டுபோங்கள். எல்லாமே அடம் பிடித்தால் போர்டையோ பிராசஸர் சாக்கெட்டையோ பார்க்கணும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது சரி பண்ணியது என்றே தெரியாது.

எக்ஸ்போ இல்லாமல் சரியாகி, போட்டால் மட்டும் நிற்கிறது என்றால் போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் பண்ணுங்கள், போர்டு கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள். நம்ம ஊரில் சாயங்காலம் மழை கறுத்து இடி இடிக்கிற நேரத்தில் யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையில் கை வைக்கவே வேண்டாம், பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். அப்டேட் முடிந்ததும் செட்டிங்ஸ் எல்லாம் பழையபடி ஆகி, மறுபடி டிரெயினிங் ஓடும், திரை இருட்டாக இருக்கிறதே என்று பவர் பட்டனை அமுக்கிவிடாதீர்கள். அப்புறமும் தொல்லை இருந்தால் மெமரி காண்டெக்ஸ்ட் ரீஸ்டோரை டிசேபிள் பண்ணுங்கள். ஆன் ஆக முன்பைவிட நேரமாகும், ஆனால் நம்பி வேலை பார்க்கலாம்.

பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகிற எஸ்.ஓ.சி. வோல்டேஜை ஏற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2023-ல் இதே வகை போர்டுகளில் பிராசஸர் கருகிய பிறகுதான் ஏ.எம்.டி. 1.3 வோல்ட்டில் வரம்பு வைத்தது.

ராத்திரி தூங்கப் போகும்போது பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 என்கிற ரேம் சோதனை மென்பொருளை ஓட விடுங்கள். ஒரு எரர் வந்தாலும் அந்த வேகம் உங்களுக்கு ஆகாது. எரரே இல்லை என்றாலும் ரீஸ்டார்ட் சோதனையைத் தனியாகச் செய்யுங்கள், மெம்டெஸ்ட் டிரெயினிங்கைச் சோதிக்காது.

64 ஜிபி உண்மையிலேயே வேண்டுமா என்பதை எக்ஸ்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். 32-ஐத் தாண்டவில்லை என்றால் ஒரு ஜோடியே போதும். தாண்டினால் நாலையும் 3600-ல் வைத்து ஓட்டுங்கள். ரேம் நிரம்பித் திணறுகிற மெஷினைவிட வேகம் குறைந்த 64 எடிட்டிங்குக்கு எவ்வளவோ மேல். கடைக்காரர் மாற்றித் தருவார் என்றால் 32 ஜிபி இரண்டு வருகிற ஒரே டப்பாவாக வாங்குங்கள்.

கேள்வி: வீடு கடற்கரையை ஒட்டி. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டால் கொஞ்ச நாள் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. தொடர்ந்து இப்படிச் செய்யலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: வேண்டாம். தங்க முலாம் ரொம்ப மெல்லிசு, தேய்க்கத் தேய்க்கப் போய்விடும், ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழுந்தால் அது வேறு தொல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நூல் பிரியாத துணியை நனைத்து மெதுவாகத் துடையுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். உப்புக் காற்று ரேமை மட்டும் விட்டுவிடாது, ஸ்லாட்டின் உள்ளேயும் பச்சை படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து கேபினெட்டைத் தள்ளி வையுங்கள்.