கண்மாய்க்கரைப் பறவைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாசி பிறந்ததிலிருந்து சாயங்காலமானால் எங்கள் ஊருக்கு மேலே பெரிய குருவிக்கூட்டம் ஒன்று புகை மாதிரி சுழன்று சுழன்று போகிறது. தலை கறுப்பு, உடம்பு ரோஸ் நிறம். சோளத்தை அழிக்கிற சனியன், வெடி போடு என்கிறார் அப்பா. இது என்ன குருவி?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: சூறைக்குருவி. சோளக்குருவி என்றும் பெயர் உண்டு, அப்பாவின் கோபத்துக்குக் காரணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கதிர் முற்றும்போது கூட்டமாக இறங்கினால் சேதம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பக்கம் மானாவாரிச் சோளம் பெரும்பாலும் தையிலேயே அறுத்து முடிந்திருக்குமே, இப்போது அவை எதைத் தின்கின்றன என்று ஒரு நாள் நின்று பாருங்கள். கல்யாண முருங்கை பூத்திருந்தால் தேன் குடிக்கும், ஆலம்பழம் தின்னும், தரிசில் இறங்கி வெட்டுக்கிளி பொறுக்கும். வெட்டுக்கிளி என்றால் அதற்கு உயிர். சீனாவின் சிஞ்சியாங் பகுதியில், மேய்ச்சல் நிலத்தை வெட்டுக்கிளியிடமிருந்து காப்பாற்றுவதற்காகவே இந்தக் குருவி கூடு வைக்கட்டும் என்று கல் குவித்து வைக்கிறார்கள். அங்கேயும் கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளிலும் அது குஞ்சு பொரிக்கும்.

மழைக்காலத்தில் அழுக்குப் பழுப்பாகத் தெரிந்திருக்கும், கவனித்தீர்களா? இறகு நுனியில் உள்ள பழுப்பு விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து உதிர, அடியில் இருந்த ரோஸ் இப்போது வெளியே வருகிறது. ஊருக்குக் கிளம்பத் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

அதனால் வெடி வேண்டாம், சித்திரை பிறப்பதை ஒட்டித் தானாகவே போய்விடும். நீங்கள் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள், கூட்டத்தைக் கடைசியாகப் பார்த்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பறவை வந்த நாளை எல்லாரும் சொல்கிறார்கள், புதுசாக ஒன்று கண்ணில் படுகிறது இல்லையா, ஆனால் போன நாள் யாருக்கும் தெரிவதில்லை, நாலைந்து நாள் கழித்துத்தான் 'எங்கே காணோம்' என்று தோன்றும். மாசி, பங்குனியில் எனக்குப் பெரிசு அந்தத் தேதிதான்.

கேள்வி: அரிட்டாபட்டியில் லகர் வல்லூறு இருக்கிறதாமே. நண்பர்கள் நாலு பேர் கேமரா, ட்ரோன் எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறோம். எந்த நேரத்தில் போகலாம்?
– மேலூர் வாசகர்

பதில்: விடியற்காலையில் போங்கள், ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் அங்கே உண்டு. வல்லூறுகள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கிற மாதங்கள் இவை. பாறை இடுக்குக்கு நேரே ஒரு இயந்திரம் வந்து உறுமினால் தாய் பறந்துவிடும், அப்புறம் மேலூர் வெயிலில் அந்தக் குஞ்சு என்ன ஆகும் என்று யோசியுங்கள். மலையேறிக் கூடு தேடவும் வேண்டாம். கீழே கண்மாய்க்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே மேலே வட்டமிடுவது தெரியும்.

2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. சுமார் 250 வகைப் பறவைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்துச் சுற்றுவட்டார ஊர்ச்சனங்கள் தெருவுக்கு வந்து போராடித்தான் 2025 ஜனவரியில் அது ரத்தானது. அந்த மக்கள் மீட்டு வைத்த மலையில் நாம் விருந்தாளிகள், அதை மனதில் வைத்துக்கொண்டு போய்வாருங்கள்.

கேள்வி: சாமநத்தம் கண்மாயில் தை மாதம் கூட்டமாக மிதந்த வாத்துகள் குறைந்துவிட்டன. நாரைதான் நிறைய நிற்கிறது. தண்ணீர் கெட்டுவிட்டதா?
– அவனியாபுரம் வாசகி

பதில்: வாத்து குறைந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாதும்மா. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கிலிருந்து பனிக்காலத்துக்கு வருபவை, திரும்புகிற நேரம் இது. புள்ளிமூக்கு வாத்து நம்மூர்க்காரன், அது இருக்கிறதா பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய கண்மாய் இப்போது வற்றி வற்றி, மீனெல்லாம் கொஞ்சத் தண்ணீரில் மாட்டிக்கொண்டிருக்கும், நாரைக்கு இதைவிட நல்ல காலம் ஏது? மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்தபடி சேற்றுத் தண்ணீரில் துழாவிக்கொண்டே நடக்கும், மீன் பட்டதும் டப்பென்று மூடும். கண்ணால் தேடுவதே இல்லை, தொட்டுத்தான் பிடிக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

கேள்வி: விடிய நாலு மணிக்கே கத்தும் குயில் ஆணா, பெண்ணா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: 'குக்கூ' என்று நீட்டிப் பாடுவது ஆண், உடம்பெல்லாம் கறுப்பு. பெண் பழுப்பு, வெள்ளைப் புள்ளி இருக்கும், 'கிக் கிக்' என்று வேகமாகக் கத்தும்.

கேள்வி: தாத்தாவின் மாந்தோப்பில் ஒரு குருவி காலையிலும் சாயங்காலமும் ஆறு மணிக்குச் சரியாக விசிலடிக்கும். வயிறு சிவப்பு, வால் குட்டை. மூன்று நாளாகச் சத்தமே இல்லை. செத்துப்போச்சா?
– அலங்காநல்லூர், ஏழாம் வகுப்பு மாணவி

பதில்: பயப்படாதே பாப்பா, அது ஆறுமணிக்குருவி. குளிர்காலத்தைக் கழிக்க நம் பக்கம் வருகிறது. மழைக்காலத்தில் கூடு கட்ட மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போய்விடும். வெளிநாட்டுக்குப் போகாமல் பெரும்பாலும் நம் நாட்டுக்குள்ளேயே அவ்வளவு தூரம் பயணம் போகிற பறவை. ராத்திரியில் கிளம்புவதால் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருவேளை இன்னும் போகாமலும் இருக்கலாம், சருகைப் புரட்டிப் பூச்சி தேடும் சரசரப்பு கேட்கிறதா என்று இன்னும் ரெண்டு நாள் காது கொடு.

தோப்புச் சருகை எல்லாம் கூட்டிக் கொளுத்திவிட வேண்டாம் என்று தாத்தாவிடம் சொல், அதன் சாப்பாடு அதற்குள்தான் இருக்கிறது. நீ மூன்று நாள் என்று எண்ணி எழுதியிருக்கிறாய் பார், அதைத்தான் மேலே உசிலம்பட்டிக்காரரிடம் கேட்டிருக்கிறேன். கடைசியாக விசில் கேட்ட தேதியை நோட்டில் எழுதி வை. ஐப்பசியில் மறுபடி கேட்டால் அந்தத் தேதியையும் போட்டு எனக்கு ஒரு கார்டு எழுது.