காலையில் மக்கர் பண்ணும் பழைய டீசல் கார்: பம்பைக் கழற்றுவதற்கு முன்

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த டொயோட்டா கொரோலா, டூ-சி டீசல் எஞ்சின். தோட்டத்து ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் டவுனுக்கும் ஏற்றிப்போகும் வாடகைக் கார். காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. பொனட்டைத் திறந்து, பில்டருக்கு மேலே இருக்கும் ஹேண்ட் பம்பைப் பத்திருபது தடவை அமுக்கினால்தான் பிடிக்கிறது. பிடித்துவிட்டால் அன்று முழுக்கத் தொந்தரவு இல்லை. நானுஓயா ஏற்றத்தில் மட்டும் இழுவை குறைகிறது, கறுப்புப் புகை வருகிறது. கராஜ் பாஸ் பார்த்துவிட்டு, "டீசல் பம்ப் முடிந்துவிட்டது, தெரிந்த ஒருவரிடம் ரீகண்டிஷன் பம்ப் இருக்கிறது, ஒரு இலட்சத்துக்கு மேல் வரும், முற்பணம் தாருங்கள்" என்கிறாராம். கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். இப்போதைக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

அவர் எழுதிய நாலு வரியிலேயே பம்ப் போகவில்லை என்பதற்கான அடையாளம் இருக்கிறது. இந்தக் காரில் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுவதும், அதை அழுத்தி, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நொசில்களுக்கு அனுப்புவதும் ஒரே பம்ப்தான். அதன் உள்ளே ஒன்றோடொன்று உரசி ஓடும் பாகங்கள் தேய்ந்தால் முதலில் வரும் தொல்லை சூட்டில்தான் வரும். எஞ்சின் சூடேறும்போது டீசலும் சூடாகி இளகிவிடும். தேய்ந்த இடைவெளி வழியாக உள்ளேயே நழுவிவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த மெதுவான வேகத்தில் நொசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் எழாது. அதனால் பம்ப் தேய்ந்த வண்டி காலையில் பெரும்பாலும் ஒழுங்காகப் பிடிக்கும். ஹட்டன் வரை ஓடிப்போய், கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் அப்போதுதான் மல்லுக்கட்டும். ஈரத் துணியைப் பம்ப் மேல் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, அது ஆறிய பிறகு பிடித்தால் சந்தேகமே இல்லை, அது பம்ப் தேய்மானம்தான். (பச்சைத் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடான பம்ப் இறுகிவிடும், செய்யாதீர்கள்.) நம் வாசகருக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். குளிரில் கோளாறு, சூட்டில் சுகம். தேய்ந்த பம்ப் இப்படி நடந்துகொள்ளாது.

அப்படியானால் என்ன? இரவில் எங்கோ காற்று உள்ளே போகிறது. குழாயில் நின்ற டீசல் மெதுவாகப் பின்னால் இறங்கி டேங்குக்கே போய்விடுகிறது. காலையில் பம்புக்கு உறிஞ்சக் கிடைப்பது வெறும் காற்று. ஹேண்ட் பம்பை அமுக்கும்போது நீங்கள் செய்வது அந்தக் காலி இடத்தைக் கையால் நிரப்புவதுதான்.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இதை உறுதிப்படுத்தச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. இன்றிரவு காரை முன்பக்கம் பள்ளத்தைப் பார்க்கும்படி சரிவில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் ரிவர்ஸ் கியரில் விட்டு, டயருக்குக் கல்லும் வையுங்கள். பின்னால் இருக்கும் டேங்க் அப்போது எஞ்சினை விட உயரமாகிவிடும், டீசல் பின்னோக்கி இறங்காது. மறுநாள் இரவு, முதல் கியரில் விட்டு, முன்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள். முதல் காலை சட்டென்று பிடித்து, இரண்டாம் காலை அடம்பிடித்தால் காற்றுதான். பம்ப் கடைக்காரரிடம் போக வேண்டிய தேவையே இல்லை.

இனி அந்தக் காற்று எங்கே புகுகிறது என்று தேட வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "எங்கேயும் ஒழுகவில்லையே" என்பார்கள். ஒழுகாது. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள குழாயில் நடப்பது உறிஞ்சல். துளை விழுந்த ஸ்ட்ரோவால் இளநீர் குடித்துப் பாருங்கள். இளநீர் வெளியே சிந்தாது, காற்றுதான் வாய்க்குள் வரும். அதே கதைதான்.

முதலில் ஹேண்ட் பம்பையே சந்தேகப்படுங்கள். அதன் உள்ளிருக்கும் ரப்பர் தகடு வயதானால் வெடிக்கும். காலையில் முதல் அமுக்கலுக்கு அது கடினமாக நிற்க வேண்டும். தளதளவென்று உள்ளே போனால் காற்று இருக்கிறது. விரலால் அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், டீசல் பிசுபிசுப்போடு தூசி ஒட்டி ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மாற்ற வேண்டியது அதுதான். அடுத்து பில்டரின் ரப்பர் வளையம். பில்டர் மாற்றும்போது பழைய வளையத்தை எடுக்க மறந்து இரண்டு வளையத்தோடு இறுக்குவது கராஜ்களில் சாதாரணமாக நடக்கிறது. அப்புறம் ரப்பர் குழாய்கள். கையால் வளைத்தால் வெடிப்புத் தெரியும். கிளிப் இறுக்கமாக இருந்தாலும் குழாய் விறைத்துப்போனால் பயனில்லை. நொசில்களிலிருந்து மிச்ச டீசலைத் திரும்பக் கொண்டுபோகும் ரிட்டர்ன் குழாயையும் விடாதீர்கள். அற்ப விலைக் குழாய் அது, அதனால்தான் யாரும் அதைப் பார்ப்பதில்லை. கடைசியாக, காருக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாய். நம் பக்கத்து மழைக்கும் சேற்றுக்கும் தோட்டப் பாதைக் கல்லுக்கும் அது, குறிப்பாகக் கிளிப் பிடிக்கும் இடத்தில், துருப்பிடித்து ஊசித்துளை விட்டிருக்கும்.

இத்தனையையும் ஊகித்து ஊகித்து மாற்ற வேண்டியதில்லை. பில்டருக்கும் பம்புக்கும் நடுவே, உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் போடச் சொல்லுங்கள். குமிழி ஓடினால் கண்ணுக்கே தெரியும். பிறகு ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்து, பில்டரை விடத் தாழ்வாக வைத்து, டேங்கை விட்டுவிட்டு அதிலிருந்து நேரே பில்டருக்குக் குழாய் கொடுங்கள். குமிழி நின்றால் கோளாறு டேங்குக்கும் பில்டருக்கும் நடுவில். நிற்காவிட்டால் பில்டரிலோ அதற்கு இந்தப் பக்கமோ. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் பம்ப் போய்விட்டது என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். (மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் புதிய காமன் ரெயில் வண்டிகளில் இப்படிக் குழாயைக் கழற்றிப் பார்க்கக் கூடாது, அதன் அழுத்தம் தோலைக் கிழிக்கும்.)

ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை, மேலே சொன்ன காற்று விவகாரம். வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் வருகிறது, சூடுதான் போதவில்லை. ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். நுவரெலியாப் பக்கம் ஜனவரியில் புல்லில் உறைபனி விழும் காலையில் ஒரு பிளக் செத்தாலே போதும், எஞ்சின் அழும். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டு வோல்ட் பல்ப் ஒன்றின் ஒரு வயரை பற்றரியின் பிளஸ்ஸிலும் மற்றதைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்தது. எதுவானாலும் ஸ்டார்ட் எடுக்க ஸ்பிரே மட்டும் அடிக்க வேண்டாம். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அது உள்ளேயே வெடிக்கும், பிஸ்டன் உடையும்.

சரி, நானுஓயா ஏற்றம். இதையும் பம்ப் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றும் அவ்வளவு குறையும், பம்போ அதே அளவு டீசலைத் தள்ளும். எரியாத மிச்சம்தான் கறுப்புப் புகை. ஏர் பில்டரைச் சுத்தமாக வைத்துக் கியரை ஒன்று குறைத்து ஏறுங்கள், அதற்கு மேல் மருந்து இல்லை. "இழுவை கூட்டித் தருகிறேன்" என்று பம்பின் பின்னாலிருக்கும் ஆணியைத் திருகுகிறவர்கள் உண்டு. அது டீசலைக் கூட்டுகிறது, காற்றைக் கூட்டுவதில்லை. புகை இரட்டிக்கும், எஞ்சின் கொதிக்கும், வருஷப் புகைப் பரிசோதனையில் வண்டி தோற்கும். ஏறிக்கொண்டிருக்கும்போதே இழுவை செத்து, ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் மீண்டும் வருகிறது என்றால் மட்டும் வேறு விஷயம். டேங்கின் அடியில் உள்ள வலை அடைத்திருக்கும், அல்லது டேங்க் மூடியின் காற்றுத் துளை. மூடியைத் திறக்கும்போது "ஸ்ஸ்" என்று உறிஞ்சும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

டேங்க் அடைப்பு என்றதும் 2022 எரிபொருள் தட்டுப்பாடு நினைவுக்கு வருகிறது. கியூவில் நாள் கணக்காக நின்றோம், கிடைத்ததைக் கேனிலும் பீப்பாயிலும் சேர்த்தோம், மண்ணெண்ணெய் கலந்தும் ஓடினோம். அன்று ஊற்றிய அழுக்கும் தண்ணீரும் பல வண்டிகளின் டேங்கில் இன்னும் கிடக்கிறது. தண்ணீர் தேங்கிய டீசலில் கிருமி வளர்ந்து கறுப்புக் கூழாகிவிடும். டேங்கைக் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். மண்ணெண்ணெய்யில் வழுவழுப்பு இல்லை, டீசலால் மட்டுமே எண்ணெய் காணும் இந்தப் பம்புக்கு அது மெல்லக் கொல்லும் நஞ்சு. வருஷா வருஷம் நம் காரின் புகையை அளக்கிறார்கள், சான்று இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. நல்லது. அந்தக் காருக்குள் ஊற்றப்படும் டீசலை அளந்து பார்க்க வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், அதுவும் தொட முடியாத வரியோடு. முப்பது வருஷக் காரை வைத்துப் பிழைக்கச் சொல்லிவிட்டு, அதை எரிபொருளாலேயே கெடுத்தால் யாரிடம் முறையிடுவது?

நம்மால் செய்ய முடிந்தது, சந்தேகமான டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஓர் இரவு வைத்துப் பார்ப்பது. கலங்கல் இல்லாமல் இருக்க வேண்டும், அடியில் தண்ணீர்க் கோடு விழக் கூடாது. மாலையில் டேங்கை நிரப்பி நிறுத்தினால் குளிரில் உள்ளே வியர்க்கும் தண்ணீர் குறையும். பில்டரின் அடியிலுள்ள ஆணியைத் தளர்த்தி மாதம் ஒரு தடவை தண்ணீரை வடியுங்கள். கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் ஊற்றினால் சரியாகும் என்பதும் வீண் செலவு, குழாயில் புகும் காற்றை அது அடைக்காது.

அந்த ரீகண்டிஷன் பம்ப் ஆளைப் பற்றி. கொழும்பில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பம்பைக் கழுவி, புதுச் சீல் போட்டு, வெள்ளிப் பெயின்ட் அடித்தால் அதற்குப் பெயர் ரீகண்டிஷன். பாஸுக்கு அதில் ஒரு பங்கு. உங்களுடைய பழைய பம்ப் "எக்ஸ்சேஞ்ச்" என்று போய், பெயின்ட் அடித்து அடுத்த ஊரில் விற்கப்படும். எல்லா பாஸும் அப்படி இல்லை, ஆனால் பம்பைத் தொடுமுன்பே முற்பணம் கேட்பவர் அப்படித்தான்.

காற்று, பில்டர், ஹீட்டர் பிளக், டேங்க் எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால், உங்கள் சொந்தப் பம்பையே கழற்றி, சோதனை மேசை வைத்திருக்கும் பம்ப் கடைக்கு நீங்களே கொண்டுபோங்கள். மேசையில் ஏற்றி அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எந்தப் பாகம் தேய்ந்தது என்று காட்டச் சொல்லுங்கள், கழற்றிய பாகங்களைப் பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் பம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.