பச்சிளம் குழந்தையின் குடலும் நோய் எதிர்ப்பும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பேரன் சிசேரியனில் பிறந்து 12 நாள் ஆகிறது. காய்ச்சலுக்கு 5 நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். வயிற்றில் உள்ள நல்ல பாக்டீரியா போயிருக்கும், புரோபயாட்டிக் சொட்டு வாங்கிக் கொடுங்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, தக்கலை

பதில்: நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், அம்மா. இந்த வயதில் காய்ச்சல் என்றால் ஊசி தேவைதான். அதை நினைத்து வருந்தாதீர்கள்.

சுகப்பிரசவத்தில் தாயின் குடல் பாக்டீரியாக்கள் முதலில் குழந்தைக்குப் போய்ச் சேரும். சிசேரியனில் தோலிலும் மருத்துவமனையிலும் இருப்பவை முந்திக்கொள்ளும். இதைச் சரிசெய்யும் பெரிய வழி தாய்ப்பால்தான். அதில் லிட்டருக்குச் சுமார் 5 முதல் 15 கிராம் வரை ஒருவகைச் சர்க்கரைகள் உள்ளன. குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. பிஃபிடோபாக்டீரியங்கள் என்ற நல்ல பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று வளரும். அவை விடும் அமிலங்களால் குடல் புளிப்பேறி, கெட்ட கிருமிகள் ஒடுங்கும். எதை எதிர்க்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்ப்பு அணுக்கள் பழகுவதும் இந்தச் சமயத்தில்தான். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குப் பிறந்தவுடன் பாக்டீரியா கொடுத்தபோது பிற்கால அழற்சி குறைந்தது. வளர்ந்தபின் கொடுத்தபோது குறையவில்லை. 2012இல் வெளியான ஆய்வு இது.

ஒடிசாவில் 4,500க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவில் ஒரு குறிப்பிட்ட வகையைக் கொடுத்ததில் ரத்தத் தொற்றும் இறப்பும் சேர்ந்து சுமார் 40 சதவீதம் குறைந்தன (2017). ஆனால் அந்தப் பலன் அந்த வகைக்கும் அந்த அளவுக்கும் உரியது. கடையில் கிடைக்கும் எல்லாச் சொட்டுக்கும் பொருந்தாது. குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் கவனம் தேவை. உயிருள்ள பாக்டீரியா ரத்தத்தில் கலந்துவிட வாய்ப்புண்டு. இரவும் பகலும் 8 முதல் 12 தடவை பாலூட்டச் சொல்லுங்கள். அம்மாவின் நெஞ்சோடு தோலில் தோல் பட அணைத்து வைக்கச் சொல்லுங்கள். மறுபடி காய்ச்சல் வந்தாலோ பால் குடிக்காமல் சோர்ந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பெட்டித் தேன், கலப்படமே கிடையாது. 3 மாதக் குழந்தையின் நாக்கில் தடவலாமா? காய்ச்சிக் கொடுத்தால்?
- வாசகர், குலசேகரம்

பதில்: கூடாது. ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வேண்டாம். மார்த்தாண்டம் தேன் எவ்வளவு சுத்தமானாலும் இதில் விலக்கில்லை. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் குடலில் ஏற்கனவே நிறைந்திருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்து முளைத்து நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் வித்து சாகாது, அதற்கு அழுத்தத்தோடு 121 டிகிரி வெப்பம் வேண்டும். ஏற்கனவே தடவியிருந்தால் மலச்சிக்கல், இமை தொங்குதல், அழுகுரல் மெலிதல், பால் உறிஞ்ச முடியாமை, உடல் துவளுதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தேன் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: ஏத்தங்காய் (நேந்திர வாழைக்காய்) பொடிக் கஞ்சி எப்போது தொடங்கலாம்?
- வாசகி, குளச்சல்

பதில்: 6 மாதம் முடிந்ததும். ஒரு மேசைக்கரண்டிப் பொடியை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிண்டி நன்றாக வேகவையுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேண்டும். முதலில் 2, 3 தேக்கரண்டி போதும், தாய்ப்பால் தொடரட்டும். ஏத்தங்காயில் இரும்புச்சத்து குறைவு. அதனால் பயறு, முட்டை, முள் நீக்கி மசித்த மீன் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள்.