பட்டம் கையில் இருக்கிறது, ஆசிரியராக என்ன வழி? – கேள்வி பதில்

பி.எஸ்சி. கணிதம் கடைசி ஆண்டு படிக்கிறேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. பி.எட். போதுமா சார்?

போதாது தம்பி. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இரண்டு ஆண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புதான் வழி. பி.எட். முடித்தவர்களும் அங்கே போகலாம் என்று 2018-ல் ஓர் அறிவிக்கை வந்தது. அது செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னும் பழைய கதையைச் சொல்லி பி.எட். சீட்டு விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை. எந்த வகுப்புக்குப் பாடம் நடத்தப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். படிப்பு அப்புறம்.

பி.காம். முடித்தேன். பி.எட். விண்ணப்பத்தில் என் பாடமே இல்லையே?

தமிழ்நாட்டில் வணிகவியல், பொருளியல் படித்தவர்கள் முதுகலையும் முடித்த பிறகுதான் பி.எட். சேர முடியும். காரணம் எளிது. பள்ளியில் வணிகவியல் பாடமே பதினோராம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது, அதை நடத்துபவர் முதுகலை ஆசிரியர். எம்.காம். சேருங்கள். ஒரு நல்ல செய்தி: டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு எட்டாம் வகுப்பு வரைக்குமானது என்பதால் உங்களுக்கு அது தேவைப்படாது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் போட்டித் தேர்வு போதும்.

பி.எட். எதற்கு இரண்டு வருஷம்? ஒரு வருஷமாகத்தானே இருந்தது?

2015 வரை அப்படித்தான். நீட்டியதில் உருப்படியான விஷயம் பள்ளிப் பயிற்சி. முதல் ஆண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம் நிஜ வகுப்பில் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. கூடப் படிப்பவர்களே மாணவர்களாக உட்கார்ந்திருக்க, ஐந்தாறு நிமிஷம் ஒரே ஒரு திறனை மட்டும் செய்து காட்டுவது. அங்கே எல்லாரும் நன்றாகத்தான் செய்வார்கள். ஒன்பதாம் வகுப்புக்குள் போய் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது சார்" என்று ராகம் போடும். அடுத்த நிமிஷம் கடைசி பெஞ்சில் ஒருவனை எழுப்பி, கணக்கின் இரண்டாவது வரி எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். கரும்பலகையைப் பார்ப்பான், பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான். நாம் எங்கே வேகமாகப் போய்விட்டோம் என்று அப்போதுதான் தெரியும். சில கல்லூரிகளில் வராதவருக்கும் வருகைப் பதிவு போட்டு, ரெக்கார்டு நோட்டைக் காசுக்கு எழுதி வாங்கச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கல்லூரி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வேலையை விடாமல் தொலைநிலையில் பி.எட். முடிக்கலாமா?

ஏற்கெனவே நேரடி ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுத் தொடக்க வகுப்புகளில் பணியாற்றுபவர்களுக்கும்தான் அது. ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு எடுக்க முடியாது அம்மா.

பி.இ. படித்தவன் நான். எனக்கு இடம் உண்டா?

உண்டு. பொறியியல் பட்டதாரிகளும் பி.எட். சேரலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியராகலாம், டெட் தேற வேண்டும். எந்தக் கிளைப் படிப்பு ஏற்கப்படுகிறது, மதிப்பெண் எவ்வளவு வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டு விண்ணப்பக் குறிப்பேட்டில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டெட் இரண்டாம் தாளில் 97 வாங்கிவிட்டேன். வேலை எப்போது வரும் ஐயா?

வாழ்த்துகள். 150-க்கு 90 எடுத்தால் பொதுப்பிரிவுக்கே தேர்ச்சி, நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஆனால் டெட் தகுதி மட்டும்தான். 2018 அரசாணைப்படி நியமனத்துக்கு வேறு போட்டித் தேர்வு எழுத வேண்டும். சான்றிதழ் காலாவதி ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம். ஏழு ஆண்டு வரம்பை 2021-ல் எடுத்துவிட்டார்கள், 2011 முதல் வாங்கியவர்களுக்கும் சேர்த்து. அதுவரை சும்மா இருக்காமல் சிடெட் என்ற மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வையும் எழுதிவையுங்கள், கேந்திரிய வித்யாலயா விளம்பரம் வரும்போது உதவும்.

கல்லூரி அங்கீகாரம் பெற்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. அதோடு தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேறு கல்லூரி தேடுங்கள்.