துருவ வானில் பிளாஸ்மா: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: சூரியன் ஏறினால் அயனமண்டலத்தில் (மேல் வானில் அயனிகளும் எலக்ட்ரான்களும் நிறைந்த அடுக்கில்) எலக்ட்ரான் கூடும், இறங்கினால் குறையும் என்று படித்தோம். துருவத்தில் மட்டும் ஏன் கணக்கு உதைக்கிறது?

பதில்: அங்கே பிளாஸ்மா, அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயு, ஓரிடத்தில் நிற்பதில்லை. சூரியக் காற்றால் (சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களால்) உண்டாகும் மின்புலம் அதைப் பகல் பக்கத்திலிருந்து துருவத்தின் மேலாக இரவுப் பக்கம் தள்ளுகிறது. நொடிக்கு 500 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 3,600 கி.மீ. கடக்க 2 மணி நேரம். 300 கி.மீ. உயரத்தில் எலக்ட்ரான் அவ்வளவு சீக்கிரம் அழியாது. வெயிலில் பிறந்தது கும்மிருட்டில் போய் நிற்கும். அதனால் மணி என்ன என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வழியாக வந்தது என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி: அந்த வழியைக் கணினி மாதிரியில் எப்படிக் கொண்டுவருவது, சார்?

பதில்: எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷங்க், சோஜ்கா என்ற இரு விஞ்ஞானிகள் 1980-களில் எடுத்த முறை. ஒரு துண்டு பிளாஸ்மாவைப் பிடித்துக்கொண்டு அதன் கூடவே போவது. வெயில் படுகிறதா, துருவ ஒளியின் எலக்ட்ரான்கள் கொட்டுகின்றனவா, மின்புலம் எவ்வளவு என்று அடிக்கு அடி பார்ப்பது. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மின்புலம் பலமானால் அயனிகள் நடுநிலைக் காற்றோடு உரசிச் சூடேறும். ஆக்சிஜன் அயனி நைட்ரஜன் மூலக்கூறோடு வேகமாக வினைபுரிந்து நைட்ரிக் ஆக்சைடு அயனியாகும். அது எலக்ட்ரானைச் சட்டென்று விழுங்கிவிடும்.

கேள்வி: அந்திப் பக்கம் எலக்ட்ரான் அடர்த்தியில் பள்ளம் விழுகிறதே?

பதில்: பூமியின் சுழற்சி கிழக்கே இழுக்கிறது, மின்புலம் மேற்கே தள்ளுகிறது. இரண்டும் சரிக்குச் சரியாகும் இடத்தில் துண்டு இருட்டில் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும். வரவே இல்லாமல் செலவு மட்டும்; பள்ளம் விழாமல் என்ன செய்யும்?

கேள்வி: வடக்கு நார்வேயின் ட்ரோம்ஸோவில் டிசம்பர் கடைசியில் சூரியன் உதிப்பதில்லை. மாதிரியில் வெயிலால் வரும் எலக்ட்ரான் உற்பத்தியைப் பூஜ்யம் என்று போட்டேன். ரேடார் அளவோடு ஒத்துவரவில்லை.

பதில்: தரையில் நின்று பார்த்திருக்கிறீர்கள். அன்று நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்துக்கு 3 பாகைதான் கீழே. 300 கி.மீ. மேலே போனால் வெயில்! நானும் ஒருமுறை இதே தப்பைச் செய்துவிட்டு, ஒரு வாரம் நிரலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: மாதிரியை ஒரே ஒரு நேரத்துக்கு ஓட்டிப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. பிளாஸ்மாவின் ஓட்டம் புவிகாந்தத் துருவத்தை ஒட்டியே அமைகிறது. வடக்குப் புவிகாந்தத் துருவம் புவியியல் துருவத்திலிருந்து சுமார் 10 பாகை தள்ளி, கனடாவின் எல்ஸ்மியர் தீவுப் பக்கம் இருக்கிறது. பூமி சுற்றச் சுற்ற அது சூரியனை நெருங்கி விலகும். கிரீன்விச் நேரம் மாலை 5 மணிவாக்கில் மிக அருகில். குளிர்காலத்தில் பகல் பிளாஸ்மா உள்ளே இழுபட அதுதான் தோதான நேரம். அதனால் 24 மணி நேரமும் ஓட்டுங்கள். தென் துருவத்தில் இந்த ஆட்டம் இன்னும் பெரிது.