ஆஸ்திரேலியத் தொல்குடிகளும் அரசுப் பணமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் குடும்பத்தோடு மெல்பர்னில் வசிக்கிறேன். கணினித் துறையில் வேலை. 2023 அக்டோபரில் இங்கே நடந்த பொதுவாக்கெடுப்பில், தொல்குடிகளின் குரலாக ஓர் ஆலோசனை அவைக்கு அரசமைப்பில் இடம் தரலாமா என்ற கேள்விக்கு நான் ‘வேண்டாம்’ என்றுதான் வாக்களித்தேன். அவர்கள்மீது எனக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் வருடத்துக்கு 30 பில்லியன் டாலருக்கு மேல் அவர்களுக்குச் செலவாகிறது, அப்படியும் ஒன்றும் மாறவில்லை என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். வீடு கட்டிக்கொடுத்தால் உடைத்துப்போட்டு விடுகிறார்கள் என்றும் அலுவலகத்தில் பேச்சு. நாமும் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து உழைத்துத்தானே மேலே வந்தோம்? பழங்குடிகள் பற்றி அக்கறையோடு எழுதுகிறவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன். இதற்கு மேல் ஓர் அரசு என்னதான் செய்ய முடியும்?

ச., மெல்பர்ன்

*

அன்புள்ள ச.,

மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. நானும் அப்படியே பதில் சொல்கிறேன். நீங்கள் கேள்விப்பட்டவற்றில் ஒன்று பாதி உண்மை, ஒன்று பொய்.

முதலில் அந்த 30 பில்லியன். 2017ல் அரசின் ஆய்வு, ஆலோசனை அமைப்பான புரொடக்டிவிட்டி கமிஷன் வெளியிட்ட அறிக்கையில் 2015-16ஆம் ஆண்டுக்கு 33.4 பில்லியன் டாலர் என்று இருக்கிறது. எண் சரிதான். அதற்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. பள்ளி, மருத்துவமனை, ஓய்வூதியம், சாலை, ராணுவம் என்று நாட்டின் எல்லாச் செலவையும் எடுத்து, அதில் தொல்குடிகளின் பங்கு இவ்வளவு என்று வகுத்துக் கூட்டிய தொகை அது. தொல்குடிகள் அல்லாதவர்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அதே அறிக்கை கணக்குப் போட்டிருக்கிறது. அதில் நீங்களும் வருகிறீர்கள். தொல்குடிகளுக்கென்றே தனியாக ஒதுக்கியது ஏறக்குறைய 6 பில்லியன், மொத்தத்தில் 18 சதவீதம்.

தலைக்கு என்று பார்த்தால் மற்றவர்களைப்போல இருமடங்கு ஆகிறது என்பதும் உண்மை. ஏன்? நோய் அதிகம், தூரம் அதிகம். அப்புறம் சிறை. மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பவர்கள், சிறையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். போலீஸ், நீதிமன்றம், சிறை எல்லாமே அந்த 33 பில்லியனுக்குள்தான் வருகின்றன. ஒரு பதினெட்டு வயதுப் பையனைப் பிடித்து உள்ளே போட்டால் அந்தச் செலவும் அவன் மக்களின் பெயரில் எழுதப்படுகிறது. அதையும் சேர்த்துத்தான் ‘கொட்டிக்கொடுக்கிறோம்’ என்று உங்கள் அலுவலகத்தில் பேசுகிறார்கள்.

அடுத்தது வீடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதை ஊகமாகப் பேச வேண்டியதில்லை, வீடு வீடாகப் போய் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், பாலைநிலத்தில், பிட்ஜன்ஜாஜாரா, யங்குனிஜாஜாரா மக்களின் நிலம் இருக்கிறது. அங்கே ஙானம்பா ஹெல்த் கவுன்சில் என்று அந்த மக்களே நடத்தும் மருத்துவ அமைப்பு ஒன்று உண்டு. 1980களின் நடுவில் அதன் தலைவராக இருந்தவர் யாமி லெஸ்டர். 1953ல் பிரிட்டன் எமு ஃபீல்டில் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது அவர் சிறுவன். கரிய மூட்டம் ஒன்று தங்கள் இருப்பிடத்தின் மேல் வந்து கவிந்ததைப் பின்னாளில் உலகறியச் சொன்னவர். பார்வையை முழுக்க இழந்தவர். அவருடைய கேள்வி மிக எளிமையானது: மருத்துவமனையும் டாக்டரும் வந்த பிறகும் எங்கள் ஜனங்களுக்கு ஏன் திரும்பத் திரும்ப நோய் வருகிறது? வந்த நோய்க்கு மருந்து தருவது இருக்கட்டும், நோய் வராமல் செய்ய வழி பாருங்கள்.

இந்த வேலையை மூன்று பேரிடம் கொடுத்தார். பால் டொர்சிலோ டாக்டர், பால் ஃபொலிரோஸ் கட்டடக் கலைஞர், ஸ்டீஃபன் ரைனோ சுற்றுப்புறச் சுகாதாரம் தெரிந்தவர். 1987ல் வந்த அவர்களுடைய அறிக்கை ஒன்பது விஷயங்களை வரிசைப்படுத்தியது. முதலாவது, சின்னக் குழந்தைகளைத் தினமும் ஒருமுறை குளிப்பாட்ட முடிய வேண்டும்.

இதில் பெரிய விஷயம் என்ன இருக்கிறது என்று தோன்றும். குளிப்பாட்ட முடியாத குழந்தைக்குச் சிரங்கு வரும். சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏறும். அது வாதக் காய்ச்சலாகி, இதய வால்வைக் கெடுக்கும். பத்து வயதில் தொடங்கும் நோய் முப்பது வயதில் ஆளைக் கொல்லும். தொலைதூரத் தொல்குடிக் கிராமங்களில் இந்த இதயநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் அளவில் இருந்திருக்கிறது. முகம் கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் டிரக்கோமா வந்து கண்ணைக் கெடுக்கும். பணக்கார நாடுகளில் ஆஸ்திரேலியா ஒன்றில்தான் அந்த நோய் இந்த நூற்றாண்டுவரை நீடித்தது.

ஆக, ஒரு குழந்தையைக் குளிப்பாட்ட என்னென்ன வேண்டும்? குழாயில் தண்ணீர், குளிர்காலத்தில் சுடுதண்ணீர், திருகினால் திறக்கும் பைப், தேங்காமல் போகும் சாக்கடை. வீட்டில் இவை வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பின்னால் நாடு முழுக்க 7,000க்கும் அதிகமான வீடுகளில் இந்த வேலை நடந்தது. முதல்முறை போய்ப் பார்த்தபோது ஷவர் ஒழுங்காக வேலை செய்தது 35 சதவீத வீடுகளில்தான்.

ஏன் பழுதானது என்பதையும் எழுதி வைத்தார்கள். உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இதில் இருக்கிறது. பழுதுகளில் 70 சதவீதம் யாரும் பராமரிக்காததால் வந்தவை. 21 சதவீதம் கட்டும்போதே தவறாகக் கட்டியவை: சரிவு தப்பாகப் போட்ட குளியலறைத் தரை, எதனோடும் இணைக்காமல் விட்ட குழாய் போன்றவை. குடியிருந்தவர்கள் உடைத்தது, தவறாகப் பயன்படுத்தியது எல்லாம் சேர்த்து 9 சதவீதம்.

மெல்பர்னில் உங்கள் வாடகை வீட்டில் ஹீட்டர் கெட்டால் ஏஜெண்டுக்கு ஒரு ஈமெயில் போடுவீர்கள், ஆள் வருவார். அங்கே வீட்டுக்காரர் அரசாங்கம். பிளம்பர் வர வேண்டுமென்றால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செம்மண் சாலை. நிலத்தடி நீரில் உப்பு அதிகம், ஹீட்டர் சீக்கிரமே கெட்டுப்போகும். ஒரு வீட்டில் பதினைந்து பேர் இருந்தால் எந்தக் கக்கூஸும் தாங்காது. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்தான் ‘உடைத்துப்போட்டார்கள்’ என்கிறார்.

இந்தக் குழுவினர் வைத்திருந்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. எதையும் சரிசெய்யாமல் வெறும் கணக்கெடுப்புக்கென்று ஒரு வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. முதல் நாளே ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவருமாகப் போக வேண்டும், அன்றைக்கு முடிந்ததை அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். வேலை செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தந்த ஊர்த் தொல்குடிகள். ஆய்வுக்கென்று வந்து கேள்விகேட்டு எழுதிக்கொண்டு போனவர்களைத் தலைமுறைகளாகப் பார்த்துச் சலித்துப்போன மக்களிடம் இந்த ஒரு விதி எவ்வளவு நம்பிக்கையைக் கொடுத்திருக்கும்! நியூ சவுத் வேல்ஸ் சுகாதாரத் துறை பத்தாண்டு வேலையை மதிப்பிட்டு 2010ல் அறிக்கை வெளியிட்டது. இப்படிச் சரிசெய்த வீடுகளில் இருந்தவர்கள் தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்வது, இந்த வேலை நடக்காத கிராமப்புறத் தொல்குடிகளைவிட 40 சதவீதம் குறைந்திருந்தது. புதிதாக மருந்து எதுவும் தரவில்லை. குழாயையும் மின்கம்பியையும் சரிசெய்தார்கள், அவ்வளவுதான்.

அரசு என்ன செய்ய முடியும் என்றால் இதைச் செய்ய முடியும். ஆனால் புது வீட்டுத் திறப்பு விழாவுக்கு வரும் அமைச்சர், ஐந்து வருடம் கழித்துக் குழாய்க்கு வாஷர் மாற்ற வருவதில்லை. பராமரிப்புக்கான பணம் எப்போதும் கடைசியில்தான் வரும், முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

இப்போது பெரிய திட்டங்களுக்கு வருவோம். 2007 ஜூனில் பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு வடக்குப் பிரதேசத்தில் அவசர நடவடிக்கை என்று அறிவித்தது. குழந்தைகள்மீதான பாலியல் கொடுமை பற்றி வந்த அறிக்கையைக் காரணம் காட்டினார்கள். அந்த அறிக்கை முதலில் சொன்னதே, அந்த மக்களோடு உண்மையாகக் கலந்துபேசிச் செய்யுங்கள் என்பதுதான். அரசு ராணுவத்தை அனுப்பியது. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அந்த ஊர்களுக்கு நிறுத்திவைத்தது. உதவித்தொகையில் பாதியை, குறிப்பிட்ட கடைகளில் மட்டும் தேய்க்கக்கூடிய அட்டையில் போட்டது. குழந்தைகளைக் காக்கத்தானே இவ்வளவும்? பல வருடம் கழித்து ஆய்வாளர்கள் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது, இந்தப் பணக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்த காலத்தில் வயிற்றில் இருந்த குழந்தைகளின் பிறப்பெடை சராசரியாகக் குறைந்திருந்தது. பள்ளி வருகையும் கொஞ்ச காலம் சரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

2008 பிப்ரவரி 13 அன்று அடுத்த பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பெற்றோரிடமிருந்து அரசு பறித்துச் சென்ற குழந்தைகளிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் கேட்ட மன்னிப்பு. அந்த வருடமே ‘இடைவெளியை மூடுவோம்’ என்று இலக்குகள் வைத்தார்கள். ஆயுட்கால வித்தியாசத்தை 2031க்குள் இல்லாமல் செய்வது, ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகித இடைவெளியைப் பத்தாண்டில் பாதியாக்குவது என்று நல்ல இலக்குகள்தான். வருடாவருடம் பிரதமர் எழுந்து அறிக்கை வாசித்தார். 2020ல் பார்த்தால் ஏழில் இரண்டுதான் சரியாகப் போய்க்கொண்டிருந்தன. இலக்கு யாருக்காகவோ அவர்களை உட்காரவைத்து எழுதிய இலக்குகள் இல்லை அவை.

அதை மாற்றியவர் பாட் டர்னர். தொல்குடிகளே நடத்தும் மருத்துவ அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்புக்குத் தலைமை அதிகாரியாக இருந்தவர். எங்களை வைத்துப் பேசாமல் புது இலக்குகளை முடிவுசெய்யக் கூடாது என்று பிடிவாதமாக நின்று, பல அமைப்புகளை ஒன்றுசேர்த்து, 2020 ஜூலையில் எல்லா அரசுகளையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார். முடிவெடுப்பதில் சமபங்கு, பணமும் வேலையும் தொல்குடி அமைப்புகள் வழியாக, அரசு அலுவலகங்கள் தங்களை மாற்றிக்கொள்வது, தகவல்களைப் பகிர்வது என்று நான்கு சீர்திருத்தங்களை அந்த ஒப்பந்தம் முதன்மையாகச் சொல்கிறது.

கையெழுத்தானதே தவிர அதிகாரம் கைமாறவில்லை. 2024 பிப்ரவரியில் புரொடக்டிவிட்டி கமிஷனே மதிப்பிட்டு, அரசுகள் பழைய வழக்கப்படியே நடக்கின்றன, ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்குப் புதுப்பெயர் வைக்கின்றன என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. 2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி 19 இலக்குகளில் 4தான் ஒழுங்காகப் போகின்றன. சிறை, தற்கொலை, குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கப்படும் குழந்தைகள், சிறுகுழந்தைகளின் வளர்ச்சி, இந்த நான்கிலும் நிலைமை முன்னைவிட மோசம். 2020-22 கணக்கில் ஒரு தொல்குடி ஆணின் சராசரி ஆயுள் 71.9. மற்ற ஆண்களைவிட 8.8 வருடம் குறைவு.

அதிகாரம் உண்மையிலேயே கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கண்முன்னே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2020ல் கோவிட் வந்தபோது தொல்குடிகள் கொத்துக்கொத்தாகச் செத்துப்போவார்கள் என்று எல்லோரும் பயந்தார்கள். சர்க்கரை, சிறுநீரக நோய், நெரிசலான வீடு, எல்லாமே இருந்தன. ஆனால் தொல்குடிகளின் நிலங்களைக் கவனிக்கும் நிலக் கவுன்சில்களும் அவர்களுடைய மருத்துவ அமைப்புகளும் அரசை முந்திக்கொண்டு ஊர் எல்லைகளை மூடச் செய்தன, தங்கள் மொழிகளில் செய்தி பரப்பின, முதியவர்களுக்கு வீட்டு வாசலில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தன. அந்த வருடம் முழுக்க ஒரு தொல்குடி மரணம்கூட இல்லை. 1971ல் சிட்னி ரெட்ஃபெர்னில் முதல் சமூக மருத்துவமனையைத் தொடங்கியவர்களின் வழியில் வந்த அமைப்புகள்தாம் இதைச் செய்தன. பிறகு 2021ல் டெல்டா வந்து, தடுப்பூசி தாமதமாகி, மேற்கு நியூ சவுத் வேல்ஸில் நிலைமை கைமீறியது வேறு கதை. தடுப்பூசி யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘நாமும் ஒன்றுமில்லாமல்தானே வந்தோம்’ என்கிறீர்கள். இல்லை. நீங்கள் ஒரு பட்டத்தோடு போனீர்கள், உங்கள் குழந்தைகளை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை, உங்கள் சம்பளம் உங்கள் கணக்கில் வருகிறது. குயின்ஸ்லாந்தில் மாட்டுப்பண்ணைகளில் காலமெல்லாம் உழைத்த தொல்குடிகளின் கூலியை அரசே பிடித்து வைத்துக்கொண்டது. அதற்காக 2019ல் 190 மில்லியன் டாலர் தர அந்த மாநிலம் ஒப்புக்கொண்டது. உரியவர்களில் நிறையப் பேர் அப்போது உயிரோடு இல்லை. அவர்கள் உழைக்காமல் இல்லை, ச. உழைத்தார்கள், பணம் போய்ச் சேரவில்லை.

உங்கள் வாக்கு பற்றி நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. 60 சதவீதம் பேர் அப்படித்தான் வாக்களித்தார்கள். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். குயின்ஸ்லாந்து அரசு, தொல்குடிகளோடு உடன்படிக்கை (Treaty) செய்துகொள்ள வழி வகுத்திருந்த சட்டத்தையே 2024ல் ரத்து செய்தது. உங்கள் விக்டோரியா எதிர்த்திசையில் போய், 2025 இறுதியில் நாட்டிலேயே முதல்முறையாகத் தொல்குடிகளோடு அப்படி ஓர் உடன்படிக்கையையே சட்டமாக நிறைவேற்றியிருக்கிறது. அவர்களே தேர்ந்தெடுக்கும் அவை ஒன்று இனி அரசின் முடிவுகளைக் கேள்வி கேட்கும். அதை இல்லாமல் ஆக்குவோம் என்று எதிர்க்கட்சி சொல்கிறது. அடுத்த மாநிலத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அந்த அவையை வைத்திருப்பீர்களா, அதற்குப் பணம் ஒதுக்குவீர்களா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்