முகத்துவாரமும் பெட்டியின் சுவரும்

ஐயா,
நான் பௌதிகவியல் இறுதியாண்டு மாணவன், ஊர் ஆரையம்பதி. பூமிக்குள் நடக்கும் ஓட்டங்களைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்க்க ஆசை. அதற்கான மென்பொருள்களில் ஆஸ்பெக்ட் படிப்பதா, அண்டர்வேர்ள்ட் படிப்பதா? லேப்டொப்பில் 8 ஜிபிதான் உண்டு. ஆஸ்பெக்டோடு வரும் உதாரணம் ஒன்றை ஓட்டினேன். எல்லை நிபந்தனைகளை, அதாவது மாதிரிப் பெட்டியின் சுவரில் ஓட்டம் எப்படி நடக்கவேண்டும் என்ற விதிகளை, இருந்தபடியே விட்டுவிட்டேன். படம் அழகாக வந்தது. இதை வைத்துச் சுனாமியை முன்கூட்டிச் சொல்லலாமா?

அன்புள்ள தம்பி,

சுனாமியை விடுங்கள். 2004இல் சுமாத்திராப் பக்கமிருந்து அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். நீங்கள் ஓட்டுவதோ இலட்சக்கணக்கான ஆண்டுகளை எண்ணும் மென்பொருள். 8 ஜிபி இரு பரிமாணத்துக்குப் போதும். பைதன் நிரல்மொழி தெரிந்தால் அண்டர்வேர்ள்ட், இல்லாவிட்டால் ஆஸ்பெக்ட். சரி.

"இருந்தபடியே விட்டுவிட்டேன்" என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! எங்கள் வயல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். மாரியில் வாவி நிரம்பி வெள்ளாமை மூழ்கும்போது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைத்துக் கிடக்கும். அப்பாவும் ஊராரும் மண்வெட்டியோடு போவார்கள். சின்ன வாய்க்கால் அளவுதான் வெட்டுவது, மிச்சத்தைத் தண்ணீரே அரித்துக்கொள்ளும். இறால் போய்விடும் என்று மீன்பிடிகாரர் ஏசுவார்கள், அதுவும் நியாயம்தான். அப்பா வரம்போரம் ஒரு கம்பு நட்டுக் கத்தியால் கீறு போட்டிருப்பார். வாய் வெட்டியாயிற்றா என்று யாரும் வந்து சொல்லத் தேவையில்லை, அந்தக் கீறு சொல்லும். மழையும் அதே, வாவியும் அதே. மாறியது ஓரம் மட்டும்.

உங்கள் பெட்டியும் அப்படித்தான். பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள பாறைப்படையான மான்டிலின் பிசுக்குமை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் தடை, ஏறக்குறைய 10இன் 21ஆம் அடுக்கு பஸ்கால் செக்கன். அவ்வளவு பிசுக்கில் உந்தத்துக்கு வேலையே இல்லை. நேற்று என்ன வேகத்தில் போனோம் என்று இன்றைய ஓட்டம் கேட்பதில்லை. இன்றைய அடர்த்தி, இன்றைய பிசுக்குமை, அப்புறம் சுவர், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்தச் சுவரைத்தான் நீங்கள் பார்க்கவேயில்லை.

கீழிருந்து சூடேறும் திரவப் படை எப்போது புரளத் தொடங்கும் என்பதற்கு ரேலி எண் என்று ஒரு கணக்கு உண்டு; புரட்டப் பார்க்கும் சூடு, தடுக்கும் பிசுக்கையும் வெப்பக் கடத்தலையும் விட எவ்வளவு வலியது என்று அது சொல்லும். மேலும் கீழும் திரவம் உராயாமல் வழுக்கும் எல்லையென்றால் 657ஐத் தாண்டினால் போதும். திரவத்தை நகரவிடாமல் ஒட்டிப் பிடிக்கும் எல்லையென்றால் 1708 வேண்டும்! அதே திரவம், அதே சூடு, தம்பி.

இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்புக் குறைவால் கடல்மட்டம் 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறதல்லவா? 2023இல் பெங்களூர் ஆய்வாளர்கள் இருவர் அதற்குக் காரணம் தேடி, 14 கோடி ஆண்டு மான்டில் ஓட்டத்தைக் கணினியில் 19 விதமாக ஓட்டிப் பார்த்தார்கள். சிலவற்றில்தான் அந்தப் பள்ளம் வந்தது. வராதவற்றிலும் படம் அழகாகத்தான் இருந்திருக்கும்.

சதுரப் பெட்டி ஒன்றை எடுத்து, ரேலி எண்ணை 1000 என்று வைத்து, வழுக்கும் சுவரோடு ஒருமுறை, ஒட்டும் சுவரோடு ஒருமுறை ஓட்டுங்கள். ஒன்று புரளும், மற்றது கிடந்தபடி கிடக்கும். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். அழகாக வந்ததா என்று மட்டும் எழுத வேண்டாம்.